பவுடர் கலர் வேண்டாம்

ஆர்டர் நோட்டில் இப்படித்தான் எழுதியிருந்தது: "ஆஸ்பத்திரி. ஸ்கிரீன். புதன் காலை பத்து மணி. ரெண்டு பேரும் வரணும். ரெண்டு பீஸ், மேல தனி கீழ தனி. பவுடர் கலர் வேண்டாம். பழைய படம் இருந்தா எடுத்துட்டு வரணும்."

எழுதியவள் நாத்தனார். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மறு காதில் போனை அழுத்திக்கொண்டு, பேனா மூடியைப் பல்லால் கழற்றி எழுதினாள். அவளும் அவள் அண்ணன் மனைவியும் சேர்ந்து நடத்துவது ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கும் கடை. அங்கே வருகிறவர்கள் யாரும் திரை என்று சொல்வதில்லை, ஸ்கிரீன் என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய பெண் ஸ்கிரீனிங் என்று சொன்னது அவள் காதில் வேறு எப்படியும் விழ வழியில்லை.

"அண்ணி! பெரிய ஆர்டர் அண்ணி! ஒரு வார்டுக்கா, ஆஸ்பத்திரி முழுக்கவான்னு தெரியல. ரெண்டு பேரையும் வரச் சொல்றாங்க. அளவு எடுக்கத்தான் இருக்கும்."

நாத்தனாருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். காலையில் பல் துலக்கும்போது ஆரம்பித்தால் படுக்கும்வரை ஓயாது என்பதால். வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டவள். அவள் வாய் ஓயாமல் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில் தெருவில் எல்லாருக்கும் அந்த வீட்டு மருமகள் அண்ணியாகிவிட்டாள். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அண்ணி மெஷினை நிறுத்தினாள். ஆஸ்பத்திரி என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால்கூட அவள் எதிர்ப்பக்கச் சீட்டில்தான் உட்காருவாள்.

"நீ மட்டும் போய்ட்டு வாயேன்."

"நல்லா இருக்கே! டேப்பை ஒரு பக்கம் நான் பிடிப்பேன், இன்னொரு பக்கம் யாரு பிடிப்பா, டாக்டரா?"

அண்ணியின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அது ரேடியோவுக்குப் பாதிதான் தெரியும். அண்ணியின் அக்கா மார்பகப் புற்றுநோயில் செத்துப்போனாள். அப்போது அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. இது எல்லாருக்கும் தெரிந்த பாதி. மறு பாதியைத் தங்கை யாரிடமும் சொன்னதில்லை. அக்கா சாவதற்கு இரண்டு வருடம் முன்னால், ஒருநாள் குளியலறையிலிருந்து தலையை நீட்டித் தங்கையை உள்ளே கூப்பிட்டாள். "இங்க தொட்டுப் பாரு. கோலிக்குண்டு மாதிரி இல்ல?" என்றாள். தங்கை தொட்டுப் பார்த்தாள். "மச்சான்கிட்ட சொல்லிடாதே. பையன் பரீட்சை முடியட்டும், நானே காட்டிக்கறேன். என் தலைமேல சத்தியம் பண்ணு." தங்கை அக்காவின் ஈரத் தலைமேல் கை வைத்தாள். பரீட்சை முடிந்தது. பிறகு வீடு மாற்றினார்கள். பிறகு மாமியாருக்கு உடம்பு சரியில்லை. எட்டு மாதம் கழித்து டாக்டரிடம் போனபோது கோலிக்குண்டு அக்குள் வரை வளர்ந்திருந்தது.

சத்தியத்தைக் காப்பாற்றியதை நினைத்துத் தங்கை ஒருநாளும் பெருமைப்பட்டதில்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு ஆண்டவன் தன் உடம்பிலேயே பதில் சொல்லுவான் என்று நம்பினாள். இந்த வருடம் அவளுக்கு நாற்பத்தைந்து. குளிக்கும்போது கழுத்துக்குக் கீழே சோப்பை அவசர அவசரமாக ஓட்டிவிட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொள்வாள். கை எதிலாவது பட்டுவிடுமோ என்று பயம்.

புதன்கிழமை காலை இருவரும் கிளம்பினார்கள். பையில் அளவு டேப், துணிச் சாம்பிள் புத்தகம், முன்பு தைத்த திரைகளின் புகைப்பட ஆல்பம். இரண்டு துண்டாகத் தைத்த மாதிரித் திரை ஒன்றையும் ரேடியோ மடித்து வைத்திருந்தாள். பெரிய இடம் என்பதால் அலமாரியில் இருந்த நல்ல மேக்ஸியைத் தலைவழியே மாட்டிக்கொண்டு, கழுத்து வெளுக்க, அக்குள் மணக்கப் பவுடர் போட்டுக்கொண்டாள்.

"சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு," என்றாள் அண்ணி.

"ஆர்டர் கொடுக்கறவங்க முதல்ல முகத்தைத்தான் பாப்பாங்க."

முதல் மாடி வராந்தாவின் கடைசியில் ஒரு கவுண்டர் இருந்தது. பச்சை உடை போட்ட பெண் ஒருத்தி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கிரீனுக்கு வந்திருக்கோம். ரெண்டு பேரும்," என்றாள் ரேடியோ.

"உக்காருங்க. கடைசியா மாதவிலக்கு என்னைக்கு வந்தது?"

ரேடியோ திரும்பி அண்ணியைப் பார்த்தாள். "ஸ்கிரீன் தைக்கறதுக்கு எதுக்கும்மா அந்தத் தேதி?"

"அது முடிஞ்ச அடுத்த வாரம்னா மார்பு அவ்வளவா வலிக்காது. அதுக்குத்தான் இந்தத் தேதியா பாத்துக் கொடுத்தோம். இந்தத் தேதி சரியான்னு போன்ல கேட்டதுக்கு நீங்கதானே சரின்னு சொன்னீங்க?" அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துப் படித்தாள். "மேமோகிராம். நாற்பது வயசுக்கு மேல இருக்கற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் இருக்கான்னு பாக்கற ஸ்கிரீனிங். போன மாசம் எங்க ஹெல்த் வொர்க்கர் உங்க கடைக்கு வந்து எழுதிட்டு வந்திருக்காங்களே, ரெண்டு பேர் பேரையும்."

தலையணை உறை தைக்கக் கொடுக்க வந்த அந்த அம்மாவிடம் அரைமணி நேரம் வாயாடிக்கொண்டே, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்டது அப்போதுதான் ரேடியோவுக்கு நினைவு வந்தது. அண்ணியின் அக்காவைப் பற்றிக்கூடச் சொல்லியிருந்தாள்.

"அப்ப, ரெண்டு பீஸுன்னது?"

"மேல் சட்டை தனியா, கீழே தனியா போட்டுட்டு வந்தா மேல மட்டும் கழட்டினா போதும்."

"பவுடர் கலரு?"

"பவுடர். கலர் இல்ல. பவுடர், கிரீம், வாசனை ஸ்ப்ரே எதுவும் போடாம வரணும்னு சொன்னோம்."

"பழைய படம்..." என்று கேட்கும்போதே ரேடியோவின் குரல் இறங்கிவிட்டது.

"முன்னாடி எங்கயாவது மேமோகிராம் எடுத்திருந்தா அந்தப் படம்."

ரேடியோ பையைப் பார்த்தாள். கவுண்டர் பெண் ஆல்பத்தை வாங்கிப் புரட்டினாள். பூப்போட்ட திரைகள், கோடு போட்ட திரைகள், யார் வீட்டுப் பூனையோ நடுவில் எட்டிப் பார்க்கிற ஒரு திரை. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ரேடியோவும் சிரித்தாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னவென்று கேட்டுச் சிரித்தார்கள்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் காதில் புற்றுநோய் என்ற சொல்தான் நின்றது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, வந்தது வந்துட்டோம். எடுத்துட்டே போயிடலாம். காசா பணமா?"

"நீ எடுத்துக்கோ. எனக்கு மெஷின்ல வேலை கிடக்கு."

"இன்னைக்கு முடியலன்னா வேற தேதி தரேன்," என்றாள் கவுண்டர் பெண். "கட்டாயம் இல்லம்மா."

கட்டாயம் இல்லை என்ற அந்தச் சொல்லை அண்ணி இறுகப் பிடித்துக்கொண்டாள். தேதி எழுதிய சீட்டை வாங்கிப் பையில் வைத்தாள். அந்தத் தேதிக்கு வரப்போவதில்லை என்பது சீட்டை வாங்கும்போதே அவளுக்குத் தெரியும். ரேடியோ உள்ளே போனாள். அவள் வந்ததும் கிளம்பிவிட வேண்டியதுதான்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பஸ் கண்டக்டர். காக்கிக் கால்சட்டைக்கு மேல் ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டிருந்தாள். அங்கியின் நாடா ஒரு பக்கம் அறுந்திருந்ததால் அதை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தையல்காரிக்கு அறுந்த நாடாவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. அண்ணி பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள். "கொஞ்சம் திரும்புங்க," என்றாள்.

"போட்டுக்கிட்டிருக்கும்போதே தைப்பீங்களா? குத்திடாதீங்கம்மா."

"இருபது வருஷமா தைக்கறேன். இதுவரைக்கும் என் விரலை மட்டும்தான் குத்தியிருக்கேன்."

கண்டக்டர் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பஸ்ஸுல நூறு பேரை ஒத்தையா அடக்குவேன். படியில தொங்கறவனை ஒரு அதட்டு அதட்டினா உள்ள வந்துடுவான். இங்க வந்து பாத்தா, ஒரு மெஷினுக்கு இப்படி நடுங்கறேன். நீங்க எடுத்தாச்சா? வலிச்சுதா?"

"இனிமேதான்," என்றாள் அண்ணி. பயந்துபோய் நிற்கிறவளிடம் நானும் பயந்து ஓடப்போகிறேன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"அப்ப ஒரு உதவி பண்ணுங்களேன். என் நம்பரை நீங்க எடுத்துக்கிட்டு முன்னாடி போங்க. நீங்க வெளிய வர்ற முகத்தைப் பாத்தா எனக்குத் தைரியம் வந்துடும்."

அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அந்தச் சிறு பொய்யை அவள் இரக்கத்தில் சொன்னாள். ஆனால் இரக்கத்தில் சொன்னது என்றாலும் சொன்னது சொன்னதுதானே. முன்பின் தெரியாத ஒருத்தி அதை நம்பிக் கையில் நம்பர் சீட்டைத் திணித்துவிட்டாள். ஆண்டவன் சிலரை இப்படித்தான் உள்ளே அனுப்புகிறான்.

உள்ளே குளிராக இருந்தது. ரேடியோ அப்போதுதான் முடித்துவிட்டு, மேக்ஸியைத் தலையில் மாட்டிக்கொண்டு, கழுத்து வெளியே வராமல் துழாவிக்கொண்டிருந்தாள். படம் எடுக்கும் பெண் குப்பைக் கூடையில் நனைந்த பஞ்சு உருண்டைகளைப் போட்டாள்.

"இவங்களுக்குப் பவுடரைத் துடைக்கவே பாதி நேரம் போச்சு," என்றாள். "பவுடர் துகள் படத்துல வெள்ளைப் புள்ளியா விழும். நாங்க தேடறதும் சில சமயம் அந்த மாதிரிப் புள்ளிதான். அதனாலதான் வேண்டாம்னு சொல்றோம்."

மேக்ஸிக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது. "அட! அண்ணி வந்துட்டாங்க! வாங்க வாங்க, ஒண்ணும் இல்ல, சப்பாத்திக்கு மாவு அமுக்கற மாதிரிதான்," என்றாள் ரேடியோ. படம் எடுக்கும் பெண் அவளை மெல்ல வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

பிறகு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். "கட்டி, தோல் சுருக்கம், காம்புல நீர் வடியறது, இந்த மாதிரி ஏதாவது கவனிச்சிருக்கீங்களா?"

"நான் பாக்கறதே இல்ல."

"பாக்கணும்மா. அப்படி ஏதாவது தெரிஞ்சா தேதிக்குக் காத்திருக்காம அன்னைக்கே வந்துடணும். இந்தப் படம், எதுவும் தெரியாதவங்களுக்கு. கைக்குத் தெரியறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கறதுக்கு. குடும்பத்துல யாருக்காவது இருந்ததா?"

"அக்காவுக்கு. நாப்பத்தஞ்சு வயசுல..." அண்ணி நிறுத்தினாள். பிறகு தானாகவே வந்துவிட்டது. "எட்டு மாசம் மறைச்சு வச்சிருந்தா. எனக்கு மட்டும் தெரியும். யார்கிட்டயும் சொல்லல. அதனால எனக்கும் வரும்."

பேனா நின்றது. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"அக்காவுக்கு இருந்ததால உங்களுக்கு மத்தவங்களைவிடக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம். அதனால நீங்க முன்னாடியே வந்திருக்கணும், இனி விடாம வரணும். அது உடம்பு சமாச்சாரம். சொல்லாம இருந்ததுக்குத் தண்டனையா இது யாருக்கும் வர்றதில்லம்மா. இந்த மெஷின் முன்னாடி எத்தனை நல்லவங்க நின்னிருக்காங்க தெரியுமா?"

அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் அந்தக் கண்ணாடி போன்ற தட்டின்மேல் சற்று நேரம் வைத்திருந்தாள். "சில்லுன்னு இருக்கும். கொஞ்சம் சூடாகட்டும்."

தோளைப் பிடித்துத் திருப்பி, கையைத் தூக்கி ஒரு கம்பியைப் பிடிக்க வைத்தாள். மேலிருந்து இன்னொரு தட்டு இறங்கியது. இரண்டு தட்டுக்கும் நடுவே மார்பு தட்டையாக நசுங்கியது. கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டது போன்ற வலி. "நல்லா அமுங்கினாத்தான் உள்ள மறைஞ்சிருக்கறது தெரியும். மூச்சை நிறுத்துங்க." ஒரு சின்ன ரீங்காரம். "விடுங்க." தட்டு தானாக மேலே போனது. ஒரு பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நாலு படம். நாலு தடவையும் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவன் பெயரைத்தான் சொன்னாள். மூச்சை நிறுத்தச் சொன்னதால் அதை மனதுக்குள்தான் சொல்ல முடிந்தது.

வெளியே வந்தபோது கண்டக்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு எழுந்து நின்றாள். அண்ணி சிரித்தாள்.

"போங்க. ரெண்டு டிக்கெட் கிழிக்கற நேரம்தான்."

சாயங்காலம் வேன்காரரிடம், அதாவது அண்ணியின் கணவரிடம், ரேடியோ நடந்ததை நடித்தே காட்டினாள். அவர் தூக்கிய தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அளவு எடுக்கப் போனவங்களையே அளவு எடுத்து அனுப்பிட்டாங்களா!"

அந்த வாரம் முழுவதும் அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் மெஷின் மிதியிலிருந்து கால் தானாக நழுவியது. ஒரு திரையை அடிப்பக்கம் மேலாகத் தைத்துவிட்டு, தைத்த பிறகுதான் பார்த்தாள். பூக்கள் எல்லாம் தலைகீழாகத் தொங்கின. மறுபடி படம் எடுக்கக் கூப்பிட்டால் பயப்பட வேண்டாம், அப்படிக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது என்று படம் எடுத்த பெண் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். காது கேட்டது. வயிறு கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது. அண்ணியின் படத்தில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. அடுத்த வருடம் வர வேண்டும். அண்ணி போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நூல்கண்டு அடுக்கியிருந்த அலமாரியின் பின்னால் போய் நின்று அழுதாள். ரேடியோ ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு தூக்கிச் சுற்றப் பார்த்து, முடியாமல் இறக்கிவிட்டாள்.

"உனக்கு?"

"எனக்கு இன்னும் வரல. அங்க பவுடரைத் துடைச்சு முடிச்சிருக்க மாட்டாங்க."

வியாழக்கிழமை மதியம் கடைப் போன் அடித்தது. ரேடியோ எடுத்தாள். "ம்" என்றாள். இன்னொரு "ம்" என்றாள். "சரி" என்று வைத்துவிட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"யாரு?"

"ராங் நம்பர்."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். ராங் நம்பராக இருந்தால் ரேடியோ, கூப்பிட்டவர்கள் யார், எந்த ஊர், வீட்டுக்கு ஸ்கிரீன் வேண்டுமா என்று கேட்காமல் விட்டிருக்க மாட்டாள். ரேடியோ கத்தரிக்கோலை எடுத்துத் துணியில் வைத்தாள். கோடு போடாமலே வெட்டப்போனாள்.

அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். கத்தரிக்கோலை அவள் கையிலிருந்து வாங்கினாள். "ஆஸ்பத்திரிதானே?"

"இடது பக்கம் ஏதோ வெள்ளைப் புள்ளியாம். நாளைக்கே வரச் சொல்றாங்க. அண்ணி, அது என்னன்னு எனக்குத் தெரியும். பவுடர்தான்! அந்தப் பொண்ணே உங்க முன்னாடி சொன்னாளே, பவுடர் வெள்ளைப் புள்ளியா விழும்னு. அக்குள்ல அவ்வளவு போட்டிருந்தேன். எங்கயோ மடிப்புல ஒட்டிக்கிட்டிருக்கும்."

"அப்ப நாளைக்குப் போய்ப் பவுடர் இல்லாம எடுத்துட்டு வந்துடலாம்."

"நாளைக்கா? பள்ளிக்கூட ஆர்டர் கிடக்கு. முப்பத்திரண்டு ஜன்னல். முடிச்சுட்டு அடுத்த மாசம் போவோம். பவுடருக்கு என்ன அவசரம்?" அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவன் பயந்துடுவான். வேன் ஓட்டறவன். என் தலைமேல சத்தியம் பண்ணுங்க."

அவள் அண்ணியின் கையைத் தன் தலைக்குத் தூக்கினாள். அண்ணி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். சூடுபட்டவள்போல அந்தக் கையை மற்றக் கையால் மூடிக்கொண்டாள். மெஷினுக்குத் திரும்பிப் போனாள்.

அன்று மதியம் முழுவதும் கடையில் மெஷின் சத்தம் மட்டும்தான். ஒருவேளை பவுடராகவே இருக்கும் என்று அண்ணி நினைத்தாள். இருக்கத்தானே வாய்ப்பு அதிகம்? பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது என்றுதானே சொன்னார்கள்? ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும்? சொல்லிவிட்டால் இவள் இனி நம்மை நம்புவாளா? இருபது வருடமாக ஒரே மெஷினில் ஒரே நூலை மாற்றி மாற்றிக் கோத்தவர்கள். ஆண்டவனே, அது பவுடராகவே இருக்கட்டும் என்று வேண்டினாள்.

வேண்டி முடித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. எட்டு மாதமும் அக்காவுக்காக இதே வேண்டுதலைத்தான் தினமும் வேண்டினாள். வேண்டுவது ஒரு காரியம், போய்ப் பார்ப்பது இன்னொரு காரியம். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக அன்று நினைத்துக்கொண்டாள். ஆண்டவன் நம் வேண்டுதலைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகிற கால்களை அவன் நமக்குத்தான் கொடுத்திருக்கிறான்.

ஆறு மணிக்கு வேன் வந்து நின்றது. தைத்து முடித்த திரைகளை ஏற்றுவதற்காகக் கணவர் இறங்கினார்.

அண்ணி எழுந்து ரேடியோவிடம் போனாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"அண்ணி, வேண்டாம்."

"உனக்குத் தெரியாம முதுகுக்குப் பின்னாடி சொல்ல மாட்டேன். உன் முன்னாடியே சொல்றேன். என்மேல கோவப்படு, பேசாம இரு, எது வேணா செய். எங்க அக்காவும் என்கிட்டச் சத்தியம் வாங்கினா. நான் காப்பாத்தினேன். சத்தியம்தான் மிஞ்சுச்சு, அக்கா மிஞ்சல."

ரேடியோவுக்கு இது புதிது. அவள் வாய் திறந்தபடி நின்றாள்.

அவர் திரைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன ஆச்சு? ரேடியோ ரிப்பேரா?"

அண்ணி சொன்னாள். எதையும் விட்டுவிடாமல் சொன்னாள். அக்காவின் எட்டு மாதத்தையும் சேர்த்துச் சொன்னாள். அவர் தோளிலிருந்த கட்டை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தார். தங்கையின் பக்கத்தில் போய் நின்றார். அவள் சட்டையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

"நாளைக்கு வேன் ஓடாது," என்றார்.

அடுத்த நாள் அதே அறையில், அதே பெண், இடது பக்கத்தை மட்டும் இன்னும் சின்னத் தட்டால் அழுத்திப் பெரிதாக்கிப் படம் எடுத்தாள். பவுடர் ஒரு பொட்டும் இல்லை. புள்ளிகள் அங்கேயே இருந்தன, தோலில் அல்ல, உள்ளே. பிறகு ஸ்கேன். அதற்குப் பிறகு ஊசி விட்டுத் துளி சதை எடுத்தார்கள். அதன் முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அந்த வீட்டில் மூன்று பேருக்கும் பயம். ஆனால் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பயப்படவில்லை.

முடிவு நல்லதாக வரவில்லை. டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். "மிளகு அளவுதான். கையால தடவிப் பாத்திருந்தா இன்னும் ரொம்ப நாளைக்குத் தெரிஞ்சிருக்காது. இந்த அளவுல பிடிச்சா குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா ஆபரேஷன் பண்ணணும். அதுக்கப்புறம் என்ன சிகிச்சைன்னு பாத்துதான் சொல்வேன். பயமா இருக்கும். இருக்கட்டும். பயந்துக்கிட்டே வாங்க, ஆனா வாங்க."

அண்ணனிடம் சொன்ன அன்றிலிருந்து ரேடியோ அண்ணியிடம் பேசவில்லை. அண்ணனிடம் பேசினாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசினாள், ரத்தம் எடுக்க வந்த நர்ஸிடம் அவள் மாமியாரைப் பற்றி விசாரித்தாள். அண்ணி தட்டில் சோறு போட்டால் சாப்பிட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு ஜன்னலையும் அண்ணி தனியாகத் தைத்து முடித்தாள். சொன்னது தப்பா என்று தன்னையே கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. ஒவ்வொரு நாளும் இல்லை என்றே பதில் வந்தது. அதனால் வலி குறையவில்லை.

ஆபரேஷன் அன்று காலை ரேடியோவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கணவர் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தார். அண்ணி நாற்காலிக்குப் பின்னால் நடந்தாள். பக்கத்தில் நடக்க அவளுக்குத் தயக்கமாக இருந்தது. வராந்தா முடிகிற இடத்தில் பெரிய கதவு. இதற்கு மேல் வரக் கூடாது என்று நர்ஸ் கை காட்டினாள். அண்ணி சுவரோரமாக நின்றுகொண்டாள்.

கதவு திறந்தது. நாற்காலி பாதி உள்ளே போனபோது ரேடியோ கையை நீட்டிக் கதவைப் பிடித்து நிறுத்தினாள். கழுத்தைத் திருப்பி அண்ணியைத் தேடினாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து போயிருந்தது.

"என்ன அங்க போய் ஒளிஞ்சுக்கிட்டு நிக்கறீங்க?" என்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. "ஆபரேஷன் முடிஞ்சு கதவைத் திறந்ததும் என் கண்ணுல படற மாதிரி உக்காருங்க. அண்ணனை முதல்ல பாத்தா நான் அழுதுடுவேன்."